சமிக்ஞையின் தரமும் வாவிக்கரை மக்களும்

கைத்தொலைபேசியின் திரையில் சமிக்ஞைக் கோடுகள் நிறைந்து காணப்படுகின்றன. ஆயினும், மறுமுனையில் பேசுபவரின் குரல் அறுந்து அறுந்து கேட்கின்றது. அனுப்பிய குறுஞ்செய்தி போய்ச் சேரவில்லை. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வாழ்கின்றவர்களுக்கு இது புதியதோர் அனுபவமன்று. "சிக்னல் இருக்கிறது, ஆனால் பேச முடியவில்லை" என்று மக்கள் சலித்துக் கொள்ளும்போது, தொலைத்தொடர்புப் பொறியியலின் அடிப்படையான உண்மையொன்றையே அவர்கள் தம்மையறியாமல் எடுத்துரைக்கின்றனர். சமிக்ஞையின் பலம் வேறு. சமிக்ஞையின் தரம் வேறு.

இந்தத் தரம் எவ்வாறு அளக்கப்படுகின்றது? ஒரு கோபுரம் நிறுவப்படுவதற்கு முன்னரே, அதன் சேவை எவ்வாறு அமையும் என்பதைப் பொறியியலாளர்கள் கணினியில் செய்து பார்க்கின்றனர். சிமியுலேஷன் எனப்படும் இந்தப் போலச்செய்தல் முறையில் கிடைக்கும் எண்களே பின்னர் திட்டங்களாகவும் வரைபடங்களாகவும் வாக்குறுதிகளாகவும் மாறுகின்றன. அந்த எண்கள் எவ்வாறு பெறப்படுகின்றன, எப்போது அவற்றை நம்பலாம், எப்போது நம்பலாகாது என்பதைச் சாதாரண வாசகரும் அறிந்திருப்பது அவசியம். ஏனெனில், நமது பிரதேசத்தில் இது உயிரோடு தொடர்புடைய விடயமாகும்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை 6.58 மணியளவில் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் பூமி அதிர்ந்தது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தின் பின்னரே கிழக்குக் கரையைக் கடல் மூடியது. நாவலடி, கல்லடி, காத்தான்குடி, மருதமுனை, சாய்ந்தமருது எனத் தமிழ்க் கிராமங்களையும் முஸ்லிம் கிராமங்களையும் அது வேறுபடுத்திப் பார்க்கவில்லை. நாடு முழுவதிலும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த ஒன்றரை மணி நேரத்தில் மக்களுக்கு எச்சரிக்கை எதுவும் கிடைக்கவில்லை. அதற்கான அமைப்பே அன்று இருக்கவில்லை. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் பின்னர் அத்தகைய அமைப்பு உருவாகியுள்ளது. ஆகவே கேள்வியும் மாறியுள்ளது. அனுப்பப்படும் எச்சரிக்கை, வாவிக்கரையின் கடைசி வீட்டுக்கு முழுமையாக வந்து சேருமா என்பதே இன்றைய கேள்வியாகும்.

பாடும் மீன் கற்பிக்கும் பாடம்

மீன்பாடும் தேன்நாடு என்று மட்டக்களப்பு அழைக்கப்படுவதற்குக் காரணமான அந்த நீரடி ஒலியைப் பற்றி நாம் அனைவரும் அறிவோம். பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராகப் பணியாற்றிய ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1848இல் அதனைக் கேட்டு, 1859இல் வெளியான தமது நூலில் பதிவு செய்துள்ளார். 1954இல் இயேசு சபைத் துறவியான அருட்தந்தை லாங் அவ்வொலியைப் பதிவு செய்தார். பின்னாளில் அது இலங்கை வானொலியிலும் ஒலிபரப்பானது.

அந்த ஒலியைக் கேட்க விரும்புபவர்கள் காற்றடங்கிய நிலாக்கால இரவிலே தோணியில் செல்வர். துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு, மறுமுனையைக் காதோடு சேர்த்து வைத்துக் கேட்பர். இவ்வழக்கத்தில் ஓர் ஆழ்ந்த அறிவியல் உண்டு. நீருக்குள் பிறக்கும் ஒலியின் பெரும்பகுதி நீர்மட்டத்தில் மோதித் திரும்பிவிடும்; மிகச் சிறு பகுதியே காற்றுக்கு வந்து சேரும். துடுப்பு அந்த ஒலியை நேரே காதுக்குக் கொண்டு வருகின்றது. மறுபுறத்தில், காற்றும் அலையும் இயந்திரப் படகுகளும் ஓய்ந்திருக்கும் வேளையைத் தெரிவு செய்வதன் மூலம் இரைச்சல் குறைக்கப்படுகின்றது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். பகலில் அதே ஒலி அதே அளவில் எழுந்தாலும் நமக்குக் கேட்பதில்லை. குரல் குறைந்ததனால் அன்று, இரைச்சல் கூடியதனாலேயே அவ்வாறு நிகழ்கின்றது. எனவே ஒரு சமிக்ஞை பயன்படுமா என்பதைத் தீர்மானிப்பது அதன் பலம் மட்டுமன்று. அதற்கும் இரைச்சலுக்கும் இடையிலான விகிதமே ஆகும். சமிக்ஞை-இரைச்சல் விகிதம் எனப்படும் இது டெசிபெல் என்னும் அலகில் கூறப்படும். சமிக்ஞையின் வலு இரைச்சலின் வலுவைப் போல் பத்து மடங்காயின் 10 டெசிபெல்; நூறு மடங்காயின் 20 டெசிபெல்; இரு மடங்காயின் ஏறக்குறைய 3 டெசிபெல். இந்த மூன்று எண்களையும் நினைவில் வைத்துக் கொண்டால் கட்டுரையின் எஞ்சிய பகுதி எளிதாக விளங்கும்.

இரைச்சலுக்கு நடுவே இரண்டு எழுத்துகள்

இலக்கமுறைத் தொடர்பாடலில் குரல், படம், எழுத்து ஆகிய அனைத்தும் 0, 1 என்னும் இரண்டே குறிகளாக மாற்றப்படுகின்றன. இவ்வாறான ஒவ்வொரு குறியும் ஒரு பிட் எனப்படும். பெறும் கருவி ஒவ்வொரு கணமும் ஒரே கேள்விக்கு விடை காண வேண்டியுள்ளது: வந்தது 0 ஆ, 1 ஆ?

இரைச்சல் முற்றாக இல்லாத கருவி உலகில் இல்லை. வெப்பத்தினால் இலத்திரன்கள் அசைந்து கொண்டேயிருப்பதால், எந்தக் கடத்தியிலும் மெல்லிய இரைச்சல் ஒன்று எழும். 1928இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஜோன் ஜோன்சன் இதனை அளந்து காட்டினார். ஹரி நைகுவிஸ்ட் அதற்கான கோட்பாட்டு விளக்கத்தை வழங்கினார். இருபது ஆண்டுகளின் பின்னர், 1948இல், அதே நிறுவனத்தின் குளோட் ஷனன், இரைச்சல் நிறைந்த வழியினூடாகவும் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குள் செய்தியை வழுவின்றி அனுப்புவது கோட்பாட்டளவில் சாத்தியம் என்று நிறுவினார். இன்றைய கைத்தொலைபேசி வரையிலான அனைத்தும் இந்த அடித்தளத்தின் மீதே எழுந்துள்ளன.

இலக்கமுறையில் தரத்தை அளக்க மிக நேரடியான அளவுகோல், பிட் வழு வீதம் ஆகும். அனுப்பிய பிட்டுகளுள் எத்தனை பிழையாகப் பெறப்பட்டன என்பதை எண்ணி, மொத்தத்தால் வகுத்தால் அது கிடைக்கும். இந்த வீதம், ஒரு பிட்டுக்குரிய சக்திக்கும் இரைச்சலின் அடர்த்திக்கும் இடையிலான விகிதத்தைச் சார்ந்தது. 0, 1 ஆகியவற்றை அலையின் இரு எதிர் நிலைகளாக அனுப்பும் எளிய முறையை எடுத்துக் கொள்வோம். வெப்ப இரைச்சல் மட்டுமே இடையூறாக இருக்குமாயின், அவ்விகிதம் 0 டெசிபெல்லாக உள்ளபோது நூறு பிட்டுகளில் ஏறத்தாழ எட்டு பிழையாகும். 6.8 டெசிபெல்லில் ஆயிரத்துக்கு ஒன்று பிழையாகும். 9.6 டெசிபெல்லில் இலட்சத்துக்கு ஒன்றே பிழையாகும். வலுவை இரு மடங்கிலும் சற்றுக் குறைவாகவே கூட்டியுள்ளோம். பிழையோ நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. இலக்கமுறைத் தொடர்பு ஓரிடத்தில் தெளிவாகவும், சில அடிகள் தள்ளி முற்றாகத் துண்டிக்கப்பட்டும் காணப்படுவதன் இரகசியம் இதுவேயாகும்.

கணினியில் செய்து பார்த்தல்

போலச்செய்தலின் வழிமுறை எளிமையானது. கணினி தற்செயலான பிட்டுகளை உருவாக்கும். அவற்றை அலையாக மாற்றும். அந்த அலையுடன் தற்செயலான இரைச்சலைச் சேர்க்கும். பெறும் கருவியின் வேலையையும் தானே செய்து, 0 அல்லது 1 எனத் தீர்மானிக்கும். இறுதியில் அனுப்பியதையும் பெற்றதையும் ஒப்பிட்டுப் பிழைகளை எண்ணும். இரண்டாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில் அமெரிக்காவின் லொஸ் அலமோசில் உருவாகி, சூதாட்ட மண்டபத்துக்குப் பேர்போன மொன்டி கார்லோவின் பெயரைப் பெற்ற கணிப்பு முறையே இதற்கு ஆதாரமாகும். தற்செயலை மீண்டும் மீண்டும் நிகழச் செய்து, அதன் சராசரியைக் காண்பதே இதன் சாரம்.

எளிமையான இம்முறையில் ஏமாற்றமடைவதும் எளிது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நமது முதுமொழி. பானையிலுள்ள சோறு முழுவதும் ஒரே தீயில் வெந்ததனால் அங்கே அது பொருந்தும். அரிதாக நிகழும் பிழைகளைக் கண்டறிய அது உதவாது. படுவான்கரை வயலில் விளைந்த ஒரு மூடை நெல்லிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்து, அதில் பதர் இல்லையென்பதனால் மூடை முழுவதிலும் பதரே இல்லை என்று எந்த விவசாயியும் கூறமாட்டார். போலச்செய்தலிலோ இத்தகைய தவறு அடிக்கடி நிகழ்கின்றது. பத்தாயிரம் பிட்டுகளை அனுப்பி, பிழை எதுவும் காணப்படாதபோது, வழு வீதம் பூச்சியம் என்று எழுதிவிடுகின்றனர்.

புள்ளியியல் இதற்குத் தெளிவான விடையைத் தருகின்றது. ஒன்றையொன்று சாராத பத்தாயிரம் பிட்டுகளில் பிழை எதுவும் இல்லையெனின், உண்மை வீதம் பத்தாயிரத்துக்கு மூன்றிலும் குறைவு என்று 95 வீத நம்பிக்கையுடன் கூறலாம். அதற்கு மேல் எதையும் கூற இயலாது. பத்துப் பிழைகளை எண்ணி ஒரு வீதத்தைக் கூறினால், அதில் ஏறத்தாழ 32 வீத நிச்சயமின்மை உண்டு. நூறு பிழைகளை எண்ணினால் அது 10 வீதமாகக் குறையும். எனவே அனுபவமுள்ளவர்கள் "இத்தனை பிட்டுகளை அனுப்பினேன்" என்பதோடு நிறுத்தாது, "இத்தனை பிழைகளை எண்ணினேன்" என்றும் கூறுவர். பத்து இலட்சத்துக்கு ஒன்று என்ற வீதத்தை நூறு பிழைகளால் உறுதி செய்ய வேண்டுமாயின் பத்துக் கோடி பிட்டுகளைச் செலுத்திப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது தவறு இரைச்சலைச் சேர்க்கும் இடத்தில் நிகழ்கின்றது. ஒரு குறியில் இரண்டு பிட்டுகளை ஏற்றி அனுப்பும்போது, குறிக்குரிய விகிதமும் பிட்டுக்குரிய விகிதமும் 3 டெசிபெல்லால் வேறுபடும். ஒரு குறியை எட்டு மாதிரிகளாக்கிக் கணினியில் கையாளும்போது மேலும் 9 டெசிபெல் வேறுபாடு எழும். இவற்றைக் கணக்கில் எடுக்காதவர், இருக்கும் தரத்தை விடப் பன்மடங்கு உயர்வாகவோ தாழ்வாகவோ காட்டிவிடுவார். மூன்றாவது தவறு ஒப்பிடும் இடத்தில் நிகழ்கின்றது. பெறப்பட்ட வரிசை ஒரேயொரு பிட்டால் பிந்தியிருந்தாலும், ஒப்பிடும்போது ஏறத்தாழ அரைவாசி பிட்டுகள் பிழையாகத் தோன்றும். வழு வீதம் 0.5 எனக் கிடைத்தால், இரைச்சலைக் குறை கூறுவதற்கு முன்னர் இந்தத் தாமதத்தைச் சோதித்துப் பார்ப்பது நன்று.

இத்தவறுகளைக் கண்டுபிடிக்கச் சிறந்ததொரு வழி உண்டு. விடை ஏற்கனவே தெரிந்த எளிய வினாவை முதலில் கணினிக்குக் கொடுக்க வேண்டும். மேலே கூறிய எளிய முறைக்கு 6.8 டெசிபெல்லில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற விடையைத் தராத செய்நிரல், சிக்கலான வினாவுக்குத் தரும் விடையை நம்புவதற்கில்லை. தராசை நிறுவைப் படியால் சரிபார்த்த பின்னரே பொருளை நிறுப்பது வணிக அறம். இங்கும் அதே அறமே பொருந்தும்.

வாவி என்னும் கண்ணாடி

கணக்கிடும் முறை பிழையற்றதாக இருப்பினும், கணினிக்குக் கூறப்படும் இயற்கை பிழையானதாக இருக்கலாம். மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. கடலைப் போலப் பேரலைகள் எழாத அதன் நீர்ப்பரப்பு, வானொலி அலைகளுக்குப் பெரியதொரு கண்ணாடியாக அமைகின்றது. கோபுரத்திலிருந்து வரும் அலை நேரே ஒரு வழியிலும், நீரில் தெறித்து மற்றொரு வழியிலும் கைத்தொலைபேசியை அடைகின்றது. தெறித்து வருவது தலைகீழாக மாறி வருவதால், தொலைவில் இரண்டும் ஒன்றையொன்று குறைக்க முற்படும்.

40 மீற்றர் உயரமான கோபுரத்தில் இருந்து 900 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் சமிக்ஞை வருகின்றது எனக் கொள்வோம். நீர்ப்பரப்பு மாசற்ற கண்ணாடியைப் போன்று தெறிக்கச் செய்யும் எனவும் கொள்வோம். கோபுரத்திலிருந்து 5 கிலோமீற்றர் தொலைவில் தோணியில் இருப்பவர், நீரிலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில் தொலைபேசியை வைத்திருந்தால், இரு வழிகளின் நீள வேறுபாடு வெறும் 2.4 சென்ரிமீற்றர் ஆகும். அவ்விடத்தில் அவருக்குக் கிடைக்கும் வலு, தெறிப்பு இல்லாதிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய வலுவின் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே. அதே தொலைபேசி மூன்று மீற்றர் உயரத்திற்குச் செல்லுமாயின் வலு ஏறத்தாழ நான்கு மடங்காகப் பெருகும். உயரமான இடத்தில் ஏறி நின்று பேசுகின்ற நமது கிராமத்தவரின் பழக்கம், இக்கணக்கோடு ஒத்துப் போகின்றது.

அலைகள் கட்டடங்களிலும் தென்னைகளிலும் சிதறிப் பல வழிகளில் வந்து சேரும்போது நிலைமை மேலும் கடினமாகின்றது. ரேலி பிரபுவின் பெயரால் வழங்கும் மங்கல் மாதிரி இந்நிலையை விவரிக்கின்றது. அதன்படி, ஆயிரத்துக்கு ஒன்று என்ற அதே வழு வீதத்தைப் பெற 6.8 டெசிபெல் போதாது. ஏறத்தாழ 24 டெசிபெல் தேவைப்படும். அதாவது ஐம்பது மடங்கு அதிக வலு வேண்டும். வெப்ப இரைச்சலை மட்டும் சேர்த்துப் போலச்செய்து, "சேவை சிறப்பாக இருக்கும்" என்று முடிவு செய்பவர் இந்த ஐம்பது மடங்கை மறந்துவிடுகின்றார். உண்மையான அமைப்புகளில் இதனை ஈடுசெய்ய வழு திருத்தும் குறியீடுகளும் ஒன்றுக்கு மேற்பட்ட அலைவாங்கிகளும் பயன்படுகின்றன. அவையும் போலச்செய்தலில் சேர்க்கப்பட்டுள்ளனவா என்று கேட்க வேண்டும்.

கட்டுரையின் தொடக்கத்தில் கூறிய புதிருக்கும் இங்கே விடை உண்டு. தடையற்ற நீர்ப்பரப்பின் மேலாக அலைகள் நெடுந்தூரம் செல்லும். எனவே மறுகரையிலுள்ள கோபுரங்களின் சமிக்ஞைகளும் இக்கரைக்கு வந்து சேரக்கூடும். ஒரே அலைவரிசையில் இரண்டு மூன்று கோபுரங்கள் சம பலத்துடன் கேட்குமிடத்தில், ஒன்றின் சமிக்ஞை மற்றொன்றுக்கு இரைச்சலாகின்றது. நான்கு ஒலிபெருக்கிகள் ஒரே நேரத்தில் நான்கு அறிவித்தல்களைச் செய்யும் சந்தியில் நிற்பவருக்கு ஓசைக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு சொல்லும் விளங்காது. திரையிலுள்ள கோடுகள் பெரும்பாலும் ஓசையின் அளவையே காட்டுகின்றன. விளக்கத்தின் அளவைக் காட்டுவது, குறுக்கீட்டையும் இரைச்சலையும் சேர்த்துக் கணிக்கும் விகிதமேயாகும்.

பிற அளவுகோல்கள்

பிட் வழு வீதத்தை எண்ணுவதற்கு நேரம் பிடிக்கும். விரைவாகத் தரத்தை அறிய வேறு முறைகளும் உண்டு. பெறப்பட்ட குறிகளைப் புள்ளிகளாக வரைந்தால், இரைச்சல் குறைந்த நிலையில் அவை இறுக்கமான சிறு கூட்டங்களாகவும், கூடிய நிலையில் கலைந்த மேகமாகவும் தோன்றும். ஒவ்வொரு புள்ளியும் இருக்க வேண்டிய இடத்திலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்பதன் சராசரியே வழுக் காவிப் பருமன் எனப்படும். விலகல் 10 வீதமாயின் சமிக்ஞை-இரைச்சல் விகிதம் ஏறத்தாழ 20 டெசிபெல் ஆகும். நான்காம் தலைமுறைக் கோபுரங்களின் அனுப்பும் கருவிகளுக்கு இதில் சர்வதேச வரம்புகள் உள்ளன. ஒரு குறியில் இரண்டு பிட்டுகளை ஏற்றும் முறைக்கு 17.5 வீதமும், நான்கு பிட்டுகளுக்கு 12.5 வீதமும், ஆறு பிட்டுகளுக்கு 8 வீதமும் உச்ச எல்லைகளாகும். வேகம் கூடக்கூடத் தூய்மையும் கூட வேண்டும் என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன. அலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து பெறப்படும் கண் வரைபடமும் அவ்வாறானதே. கண் அகலத் திறந்திருந்தால் தரம் நன்று. மூடிக் கொண்டு வந்தால் பிழைகள் பெருகும்.

ஆயினும், இவை அனைத்தும் இடைநிலை அளவுகளே. மக்களுக்கு வேண்டியது பிட்டுகளன்று, செய்தியாகும். பிட்டிலிருந்து செய்திக்குச் செல்லும் வழியில்தான் நமது மொழிக்குரிய சிறப்பான பிரச்சினை ஒன்று எழுகின்றது.

தமிழில் வரும் எச்சரிக்கை

ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 1120 பிட்டுகள். ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றும் ஏழு பிட்டுகளில் அடங்குவதால் அதில் 160 எழுத்துகள் கொள்ளும். தமிழ் யுனிகோட் முறையில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் பதினாறு பிட்டுகள் தேவைப்படுவதால் 70 இடங்களே உண்டு. அதிலும் உயிர்மெய் எழுத்துகளுட் பல இரண்டு இடங்களைப் பிடிக்கும். "சுனாமி எச்சரிக்கை. உடன் உயரமான இடத்துக்குச் செல்லவும்." என்ற மிகச் சிறிய அறிவித்தலே 54 இடங்களை எடுத்துக் கொள்கின்றது. எந்தக் கரைக்கு, எத்தனை மணிக்கு, யார் விடுத்தது என்பவற்றைச் சேர்த்தால் ஒரு செய்தி இரண்டு அல்லது மூன்று பகுதிகளாக உடையும். சிங்கள மொழிக்கும் இதே நிலைமைதான்.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வழு திருத்தம் எதுவும் இல்லை எனக் கொண்டால், ஆயிரத்துக்கு ஒன்று என்ற வழு வீதத்தில் 1120 பிட்டுகளும் பிழையின்றி வந்து சேரும் வாய்ப்பு மூன்றில் ஒன்று மட்டுமே. பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற வீதத்தில் அது 89 வீதமாகும். நடைமுறையில் வழு திருத்தமும் மீள அனுப்புதலும் இருப்பதனால் நிலைமை இவ்வளவு மோசமன்று. ஆனால் மீள அனுப்புவதற்கு நேரம் செலவாகும். அனர்த்த வேளையில் இல்லாதது அந்த நேரமே. ஒரு பகுதி உரிய நேரத்தில் வந்து சேரும் வாய்ப்பு 90 வீதமெனில், மூன்று பகுதிகளும் வந்து சேரும் வாய்ப்பு 73 வீதமாகக் குறையும். ஆங்கிலத்தில் ஒரு பகுதியாகச் செல்லும் செய்தியை வைத்துச் செய்யப்பட்ட போலச்செய்தல், தமிழ் பேசும் ஊர்களின் உண்மை நிலையைக் காட்டாது என்பது இதிலிருந்து தெளிவாகின்றது.

ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் உள்ள அனைவருக்கும் ஒரே நேரத்தில் செய்தியைப் பரப்பும் செல் புரோட்காஸ்ட் முறையில், பல்லாயிரம் குறுஞ்செய்திகளை ஒவ்வொன்றாக அனுப்பும் நெரிசல் இல்லை. ஆயினும் அங்கும் ஒரு பக்கத்தில் ஆங்கிலத்தில் 93 எழுத்துகள் கொள்ளும். தமிழுக்கு ஏறத்தாழ 40 இடங்களே உண்டு. மேற்கூறிய சிறு அறிவித்தலுக்கும் இரண்டு பக்கங்கள் தேவைப்படும்.

கடைசி மைலை அளந்த முயற்சி

சுனாமிக்குப் பிந்திய ஆண்டுகளில் லேர்ன்ஏசியா நிறுவனமும் சர்வோதய இயக்கமும் கனடாவின் சர்வதேச அபிவிருத்தி ஆய்வு நிலையத்தின் உதவியுடன் முக்கியமானதொரு கள ஆய்வை மேற்கொண்டன. இலங்கையின் 32 கரையோரக் கிராமங்களில் செய்மதி வானொலி, தொலைவிலிருந்து ஒலிக்கச் செய்யும் அபாயக் கருவி, கைத்தொலைபேசி, நிலையான தொலைபேசி, செய்மதி வழி இணையம் ஆகியவை ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டன. கருவி இயங்குகின்றதா என்பதோடு நிற்காது, எச்சரிக்கை எவ்வளவு நேரத்தில் வந்தது, வந்தது விளங்கிக் கொள்ளப்பட்டதா என்பனவும் ஆராயப்பட்டன. பின்னர், டயலொக் நிறுவனமும் மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் மைக்ரோஇமேஜ் நிறுவனமும் இணைந்து உருவாக்கிய அனர்த்த அவசர எச்சரிக்கை வலையமைப்பு 2009இல் செயற்படத் தொடங்கியது.

இம்முயற்சிகள் உணர்த்தும் பாடம், தரம் என்பது சங்கிலி போன்றது என்பதாகும். கோபுரத்துக்கும் கைத்தொலைபேசிக்கும் இடையிலான வழு வீதம் அதில் ஒரு கண்ணி மட்டுமே. மின்சாரம் தடைப்பட்டால் கோபுரத்தின் மின்கலம் எவ்வளவு நேரம் தாங்கும், எல்லோரும் ஒரே வேளையில் அழைப்பெடுத்தால் வலையமைப்பு தாங்குமா, செய்தி கிடைத்தவர் அதை அயலவருக்கு எவ்வாறு சொல்வார் என்பன ஏனைய கண்ணிகள். 2025 நவம்பர் இறுதியில் நாட்டைத் தாக்கிய டித்வா புயலின்போது பல பகுதிகளில் தொலைத்தொடர்பு துண்டிக்கப்பட்டமை இதனை மீண்டும் நினைவூட்டியது. பள்ளிவாசலின் ஒலிபெருக்கியும் கோயில் மணியும் தேவாலய மணியும் இச்சங்கிலியின் இறுதிக் கண்ணிகளாக அமைய முடியும். இலத்திரனியல் தோற்கும் இடத்தில் மணிகள் தோற்பதில்லை.

செய்ய வேண்டியவை

வாவிக்கரைச் சமூகங்கள் இவ்விடயத்தில் கேட்கத்தக்க கேள்விகள் சில உள்ளன. ஓர் ஊருக்குச் சேவை உண்டென்று வரைபடம் காட்டுமாயின், அது கணினியில் பெறப்பட்டதா, நேரில் அளக்கப்பட்டதா? கணினியிலெனின், வாவியின் நீர்ப்பரப்பும் மறுகரைக் கோபுரங்களின் குறுக்கீடும் அதில் சேர்க்கப்பட்டனவா? சமிக்ஞையின் பலம் மட்டும் காட்டப்பட்டுள்ளதா, தரமும் காட்டப்பட்டுள்ளதா? தமிழிலான முழுநீள எச்சரிக்கை ஒன்று சோதித்துப் பார்க்கப்பட்டதா? எத்தனை தடவை?

இவற்றுக்கு விடை காணும் ஆற்றல் நமது பிரதேசத்திலேயே உண்டு. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும், ஒலுவிலில் பொறியியல் பீடத்தைக் கொண்ட தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் அமைந்துள்ளன. வாவியை ஒரு தொடர்பாடல் வழியாகக் கொண்டு அதற்கான மாதிரியொன்றை உருவாக்குவதும், கொக்கட்டிச்சோலையிலும் களுவாஞ்சிகுடியிலும் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நேரில் அளந்து அம்மாதிரியைச் சரிபார்ப்பதும் மாணவர்களின் ஆய்வுக்கு மிகப் பொருத்தமானவை. பெருஞ்செலவும் இதற்குத் தேவையில்லை. சமிக்ஞையின் பலத்தையும் தரத்தையும் தனித்தனியே பதிவு செய்யும் இலவச மென்பொருட்கள் சாதாரண கைத்தொலைபேசிகளிலேயே இயங்குகின்றன. காலை, மாலை, மழைக்காலம், கோடைகாலம் எனப் பல வேளைகளில் அளந்து சேர்க்கப்படும் தரவுகள், மக்களின் முறைப்பாட்டை ஆதாரமாக மாற்றும். "பேச முடியவில்லை" என்ற கூற்றைப் புறந்தள்ளலாம். இன்ன இடத்தில் இன்ன வேளையில் விகிதம் 0 டெசிபெல்லுக்குக் கீழ் விழுகின்றது என்ற பதிவைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவோ சேவை வழங்குநரோ எளிதில் புறந்தள்ள முடியாது.

போலச்செய்தல் பயனற்றது என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. கோபுரத்தை நட்ட பின்னர் பிழையைக் கண்டுபிடிப்பதை விட, கணினியில் முன்கூட்டியே கண்டுபிடிப்பது மலிவானதும் அறிவுடையதும் ஆகும். ஆனால் கணினி தரும் எண், அதற்குக் கொடுக்கப்பட்ட அனுமானங்களின் பிரதிபலிப்பே. எத்தனை பிழைகள் எண்ணப்பட்டன, எந்த இரைச்சல் சேர்க்கப்பட்டது, எந்த நிலமும் நீரும் கருதப்பட்டன, எந்த மொழியின் செய்தி அனுப்பப்பட்டது என்னும் நான்கு விபரங்களும் இணைக்கப்படாத எந்தத் தர எண்ணையும் நாம் ஏற்றுக் கொள்ளலாகாது. அடுத்த எச்சரிக்கை எப்போது வரும் என்பதை எவரும் அறியார். அது வருவதற்கு முன்னர், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் எந்தெந்த ஊர்களில் அது முழுமையாகக் கேட்கும் என்பதையேனும் அறிந்து வைத்திருப்பது, இவ்வாவியைப் பகிர்ந்து வாழும் இரு சமூகங்களுக்கும் பொதுவான கடமையாகும்.